பூப் போடாத பூப்படம்

மகாலட்சுமிக்கு அந்தத் துணியைக் கண்டாலே ஆகாது. ஹாலில் டிவி இருந்த சுவரை முழுசாக அடைத்துக்கொண்டு, ஆள் உயரத்துக்கு, இரண்டு கதவுகளை ஒட்டிவைத்த அகலத்துக்கு, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய கேன்வாஸ். மருமகள் யாழினி அதைக் கொண்டுவந்து சாய்த்த நாளிலிருந்து டிவி படுக்கையறைக்குப் போய்விட்டது. சாப்பாட்டு மேஜை மூலைக்குப் போய்விட்டது. தரை முழுக்கப் பழைய புடவைகள், அதன்மேல் பெயின்ட் டப்பாக்கள். மின்வாரிய ஆபீஸில் பில் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் மகாலட்சுமி. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பின்னாலிருந்த அந்த மூன்றாம் மாடி வீட்டை ஒரு பொட்டுத் தூசி இல்லாமல் வைத்திருந்தவள். இப்போது சாமிக்குப் பூப் போடப் போனால்கூட நீலப் பெயின்டை மிதித்துவிட்டுத்தான் போகவேண்டியிருந்தது.

தில்லைநகரில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு கண் ஆஸ்பத்திரிக்காக டாக்டர் டோரதி கேட்ட படம் அது. யாழினி ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மிஸ். அதுவரை சின்னச் சின்னப் படங்கள்தான் வரைந்திருந்தாள். தெரிந்தவர்கள் கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் வாங்கிப் போவார்கள். பள்ளி ஆண்டு விழாவில் அதில் ஒன்றைப் பார்த்துவிட்டு டாக்டர் வீடு தேடி வந்தார்.

"எங்க வெயிட்டிங் ஹால்ல உக்காந்திருக்கிறவங்களுக்குக் கண்ணுல சொட்டு மருந்து விட்டிருப்போம்மா. கொஞ்ச நேரத்துக்கு ஒண்ணும் தெளிவாத் தெரியாது. எழுத்து தெரியாது, எதிர்ல வர்றவங்க முகம் தெரியாது. கலர் மட்டும் தெரியும். அந்தக் கண்ணுக்கு ஒரு பூப்படம் வேணும்" என்றார்.

யாழினி அன்றைக்கெல்லாம் தரையில் கால் பாவாமல் திரிந்தாள். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

வளைகாப்பும் முடிந்து, பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு காலையில், ஸ்டூலில் ஏறி மேல் மூலைக்கு நீலம் தடவிக்கொண்டிருந்தவள் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, "அத்தை" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதுமே மகாலட்சுமி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். விரித்திருந்த புடவையில் சிவப்பு. அது பெயின்ட் இல்லை.

நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது என்று புத்தூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிரசவம்வரை படுக்கைதான். பாத்ரூமுக்கு எழுந்து போகலாம், அவ்வளவுதான். நிற்கக் கூடாது, குனியக் கூடாது, ஸ்டூலைப் பற்றி நினைக்கவே கூடாது.

மறுநாள் காலை வையம்பட்டியிலிருந்து யாழினியின் அம்மா வீராயி வந்து இறங்கினாள். கையில் முருங்கைக்கீரைக் கட்டு, கம்பு மாவு, பை நிறைய வெள்ளரிப் பிஞ்சு. சம்பந்திகள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வளைகாப்பு முடிந்ததும் மகளை ஊருக்குக் கூட்டிப் போகிறேன் என்று வீராயி கேட்டபோது, "அங்க என்ன வசதி இருக்கு?" என்று அத்தனை பேர் நடுவில் மகாலட்சுமி கேட்டுவிட்டாள். வீராயி அன்றைக்குச் சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டாள்.

இப்போது வந்தவள் பையை இறக்கிவைப்பதற்கு முன்னால் மகளைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், கடைசியாக மகாலட்சுமியைப் பார்த்தாள்.

"வசதியா வச்சிருந்தீங்களே சம்பந்தி, இப்ப என்னாச்சு? புள்ளத்தாச்சிய ஸ்டூல்ல ஏத்தி வெள்ளையடிக்க விட்டிருக்கீங்க."

"நானா ஏத்துனேன்? உங்க பொண்ணு நான் சொன்னாக் கேக்குறவளா? எல்லாம் நீங்க வளத்த வளர்ப்பு."

அதற்குப் பிறகு எல்லாப் பேச்சும் யாழினி வழியாகத்தான் நடந்தது. "உங்கம்மாவுக்குக் காப்பில சர்க்கரை போடணுமான்னு கேளு." "உங்க மாமியார மொதல்ல சாப்பிடச் சொல்லு." நடுவில் படுத்திருந்த யாழினி, இடது பக்கமாகத் திரும்பிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அவளுடைய புருஷன் இளவரசன் துவாக்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், விடிந்தால் போய்விடுவான். ஒரு நாள் போகும்போது, "இந்தத் துணிய மொட்டமாடில போட்டுடலாம்மா. இது கண்ணுல பட்டாத்தான் அவளுக்கு மனசு கெடுது" என்று தாயிடம் சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மத்தியானம் யாழினியே டாக்டர் டோரதிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டு மார்பின்மேல் வைத்திருந்தாள்.

"உடம்பப் பாத்துக்கம்மா, அதுதான் முக்கியம்" என்றார் டாக்டர். "ஆனா திறப்பு விழா அன்னிக்குச் செவுரு வெறுமையா இருக்கக் கூடாதுங்கறாங்க. ரோஜாத் தோட்டம் போட்டோ ஒண்ணு இருக்கு, அதப் பெருசா பிரின்ட் போட்டு மாட்டிடறோம். நீ அடுத்த தடவ பண்ணு."

"சரிங்க மேடம்" என்றாள் யாழினி.

மகாலட்சுமி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் எத்தனையோ பேருடைய "சரிங்க"வைக் கேட்டவள். தன் மருமகள், பெயின்ட் விஷயத்தில் மாமியாரிடம் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்காதவள், இப்படி ஒரு "சரிங்க" சொல்லி அவள் கேட்டதில்லை. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து போனை எடுத்தாள்.

"டாக்டரம்மா, யாழினி மாமியார் பேசறேன். படம் வரும். போட்டோ கீட்டோ எதுவும் மாட்டிடாதீங்க."

"அவங்க எந்திரிக்கவே கூடாதேம்மா?"

"அவ எந்திரிக்க வேணாம். சொல்லட்டும். நாங்க செய்றோம்."

'நாங்க' என்று வாய் சொன்ன பிறகுதான் அவள் கண் வீராயியைத் தேடியது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த வீராயி கையை நிறுத்தினாள்.

"என்னையவா சொல்றாங்க? நான் பென்சில் புடிச்சது நாலாங்கிளாஸோட போச்சு."

"எனக்கு மட்டும் தெரியுமா? அந்தத் துணியத் தூக்கி நிமித்த ரெண்டு ஆள் வேணும் சம்பந்தி. ஒரு பக்கம் நீங்க புடிங்க" என்றாள் மகாலட்சுமி, நேராக அவளைப் பார்த்து. வளைகாப்புக்குப் பிறகு அவள் சம்பந்தியிடம் கோபமில்லாமல் பேசிய முதல் பேச்சு அது.

யாழினி சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு, "அத்தை, மொதல்ல ஃபேனை நிறுத்துங்க" என்றாள்.

அக்ரிலிக் பெயின்ட் தண்ணீர் மாதிரிதான். காற்றுப் பட்டால் உலர்ந்துவிடும், உலர்ந்தால் ரப்பர்போல ஒட்டிக்கொள்ளும். சித்திரை பிறக்கப்போகிற வெயிலில், ஃபேனும் ஓடினால், தட்டில் பிழிந்த பெயின்ட் பிரஷ்ஷுக்கு வருவதற்குள் தோலாகிவிடும். அதனால் ஃபேன் கிடையாது. கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டு, யாழினிக்கு மட்டும் கால்மாட்டில் ஒரு குட்டி மேஜை ஃபேன். மற்ற இருவரும் ஜாக்கெட் நனைய நனைய நின்றார்கள். பழைய அலுமினிய இட்லித் தட்டு ஒன்றைப் பரண்மேலிருந்து எடுத்து, குழிக்கு ஒரு நிறமாகப் பிழிந்துகொண்டார்கள். அது யாழினியின் யோசனை. தன் இட்லித் தட்டில் நீலமும் மஞ்சளும் நிற்பதைப் பார்த்த மகாலட்சுமி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மொதல்ல தண்ணியாட்டம் கரைங்க. அந்த நீலம், கூட ஒரு சொட்டு ஊதா. மேல இருந்து ஊத்துங்க. தடவாதீங்க, ஊத்துங்க. இப்ப ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு இடது பக்கமாச் சாய்ங்க. இன்னும். நிறுத்துங்க! நிறுத்துங்க! இப்ப நிமித்துங்க."

நீலம் பல கோடுகளாகப் பிரிந்து ஓடியது. எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பெண்களும் சட்டத்தின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது போகிற திசையைப் பார்த்தார்கள்.

"சம்பந்தி, உங்க பக்கம் கொஞ்சம் தூக்குங்க, ஓடிறப் போவுது" என்றாள் வீராயி.

"தூக்கித்தான் புடிச்சிருக்கேன். நீங்க எறக்குங்க."

அப்படித்தான் அவர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

மறுநாள் அகல பிரஷ் வந்தது. வீராயிக்கு ரோஸ் நிறத்தைக் கொடுத்து, "நடுவுல, அந்த வெளுத்த இடத்துல போடும்மா" என்றாள் யாழினி. வீராயி நாக்கைக் கடித்துக்கொண்டு ஐந்து இதழ் வைத்து ஒரு பூப் போட்டாள். நடுவில் மஞ்சளாக ஒரு பொட்டும் வைத்தாள்.

"பூப் போடாதம்மா!"

"பூப்படம்னுதானே சொன்ன?"

"பூப்படந்தான். ஆனா பூப் போடக் கூடாது."

வீராயி பிரஷ்ஷோடு திரும்பி மகாலட்சுமியைப் பார்த்தாள். "என்னங்க சம்பந்தி சொல்றா இவ?"

"எனக்கும் அதான் புரியல. படிச்ச படிப்பு அப்படி."

யாழினி தலையணையில் சாய்ந்துகொண்டாள். "அம்மா, நம்ம சம்பங்கித் தோட்டத்துல வெயில்ல நின்னு பாத்துட்டு, சட்டுனு வீட்டுக்குள்ள வந்தா இருட்டா இருக்குமில்ல? அப்பக் கண்ணுக்குள்ள ஏதோ ஒண்ணு மெதந்துக்கிட்டே இருக்குமே. காம்பு இருக்காது, எதழு இருக்காது. ஆனா அது பூதான்னு தெரியும். அத போடும்மா."

 வீராயி பிரஷ்ஷைப் படுக்கவைத்துத் தன் ஐந்து இதழையும் ஒரே இழுப்பில் கலைத்தாள். ரோஸ் நீலத்தோடு சேர்ந்து ஏதோ ஒரு பக்கமாகச் சரிந்தது. "அதேதாம்மா. இனி தொடாத" என்றாள் யாழினி.

மகாலட்சுமியின் கஷ்டம் வேறு. அவளுக்கு ஓரம் தாண்டக் கூடாது. எதைப் போட்டாலும் விளிம்பு கட்டிக்கொண்டுதான் உள்ளே நிரப்புவாள். "அத்தை, நீங்க கோலம் போடறீங்க" என்று யாழினி சொல்லிக்கொண்டே இருந்தாள். தூறலாகத் தெளிக்கிற வேலை வந்தபோது பிரஷ்ஷை உதறவே அவளுக்குக் கை வரவில்லை. வீராயி வாங்கி, வாசல் தெளிக்கிற மாதிரி மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றினாள். வெள்ளைத் துளிகள் கேன்வாஸில் பாதி விழுந்தன. மீதி நிறுத்திவைத்த ஃபேன்மேலும், சுவரில் தொங்கிய பெருமாள் காலண்டர்மேலும் விழுந்தன.

"ஐயையோ, ரெங்கநாதா!" என்று மகாலட்சுமி ஈரத்துணியோடு ஓடினாள். கட்டிலில் யாழினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, "சிரிக்காத, சிரிக்காத, டாக்டர் சிரிக்கக் கூடாதுன்னிருக்காங்க" என்று வீராயி அதட்டினாள். டாக்டர் அப்படியெல்லாம் சொல்லவில்லை.

பதினோரு மணிக்கு வீராயி கம்பங்கூழ் கரைத்துச் சொம்பில் கொண்டுவருவாள். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய். மகாலட்சுமி அதற்கு முன் கூழ் குடித்ததில்லை. முதல் நாள் மரியாதைக்குக் குடித்தாள். மூன்றாம் நாள், "சம்பந்தி, மணியாகலையா?" என்று அவளே கேட்டாள்.

சித்திரை பிறந்த பிறகு ஒரு நாள் முழுக்க மகாலட்சுமி சிவப்பைப் போட்டாள். வலது பக்கத்தில், தட்டையான கத்தியால் பெயின்டை வெண்ணெய்போல எடுத்து அழுத்தித் தேய்க்க வேண்டும். முதல்முறையாக அவள் கை விளிம்பு கட்டவில்லை. குங்குமமும் மாதுளையும் கலந்த மாதிரி ஒரு சிவப்பு, அடர்த்தியாக, மேடு மேடாக, வெளிச்சம் பட்டால் மினுங்கிக்கொண்டு. சாயங்காலம் பால் கொண்டுவந்த எதிர்வீட்டு டீச்சர் லிசி, "யார் போட்டது இந்த செவப்பு? கண்ண எடுக்க முடியல" என்றாள். "நான்தான்" என்று சொன்னபோது மகாலட்சுமிக்குக் கழுத்து நீண்டது.

மறுநாள் காலையில் யாழினி ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அந்தச் செவப்பு மேல வெள்ளை போடணும்."

"எந்தச் செவப்பு?"

"நீங்க போட்டது."

மகாலட்சுமி கையிலிருந்த கத்தியைத் தட்டில் வைத்தாள். "ஏன், நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருக்கு. அதான் பிரச்சினை. அது மட்டுந்தான் தெரியுது. மீதி எல்லாம் அது பின்னாடி ஒளிஞ்சுக்குது."

"ஊரே நல்லா இருக்குன்னு சொல்லுது. நாள் பூரா வேர்க்க வேர்க்க நின்னு போட்டேன்."

"தெரியும் அத்தை."

"நானே போட்டத நானே அழிக்கணுமா?"

"முழுசா அழிக்க வேணாம். மெல்லிசா, தண்ணி கலந்து. அடியில செவப்பு மூச்சு விடற அளவுக்கு." யாழினியின் குரல் தாழவே இல்லை. "இது என் படம் அத்தை. நான்தான் சொல்லணும்."

வீராயி பயந்துபோய் மகளையும் சம்பந்தியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அடியே, மாமியாகிட்ட இப்படியா பேசுவ" என்று ஆரம்பித்தவளை மகாலட்சுமி கையமர்த்தினாள். முகம் சிவந்திருந்தது. பால்கனிக் கதவுவரை போனாள். போய்விடலாம் என்றுதான் போனாள். வேர்வையில் கண்ணாடி மங்கியிருந்தது. கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எல்லாம் கலங்கல்தான். நீலம் எங்கேயோ தூரத்தில் கிடந்தது. வீராயியின் ரோஸ் கலங்கிக் கிடந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால், நெற்றிக்கு நேரே ஒரு சிவப்புக் கட்டி, பஸ்ஸில் காலை நீட்டி உட்கார்ந்தவன் மாதிரி, மற்றவர்களுக்கு இடமே விடாமல்.

கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு இதுதானே தெரியும் என்று அவளுக்குத் தோன்றியது. மருமகள் படுத்த இடத்திலிருந்தே இதைப் பார்த்துவிட்டாள். யாழினி படம் வரைவாள் என்பது அவளுக்கு இத்தனை நாளும் தெரிந்திருந்தது. மருமகளுக்குப் படம் தெரியும் என்பது இப்போதுதான் தெரிந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தாள். "எவ்ளோ தண்ணி கலக்கணும்?" என்றாள்.

அன்றைக்கு வெள்ளையைப் போடப் போட, உள்ளே அமுங்கிய சிவப்பு ரோஸோடு கைகோத்துக்கொண்டு, படம் முழுவதும் ஒரு பக்கமாகக் காற்றில் சாய்ந்த மாதிரி அசைந்தது.  வீராயி மெதுவாக, "ஆத்தாடி" என்றாள்.

இனி ஒன்றுதான் பாக்கி. கீழிருந்து மேலே ஓடுகிற சில கரும்பச்சைக் கோடுகள். அட்டை விளிம்பைப் பெயின்டில் தொட்டு, ஒரே இழுப்பில், திருத்தாமல் இழுக்க வேண்டும். "அது மட்டும் என் கை. அத நான் சொல்லிக் கொடுக்க முடியாது. எந்திரிச்சதும் போடறேன்" என்று யாழினி சொல்லிவிட்டாள்.

அவள் எழுந்திருக்கும் முன்பே வலி வந்துவிட்டது. மறுபடி ரத்தம். இளவரசன் கம்பெனியிலிருந்து வருவதற்குள், எதிர்வீட்டு லிசி காரை எடுக்க, இரண்டு அம்மாக்களும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவளை இறக்கினார்கள். புத்தூரில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வீராயியின் விரல் நகத்தில் ரோஸ் ஒட்டியிருந்தது. மகாலட்சுமி அந்தக் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு வசதி இல்லன்னு சொன்னது தப்பு சம்பந்தி."

"விடுங்க. இப்ப அதுவா பேச்சு."

குறைமாதம்தான். ஆனால் பெண் குழந்தை கத்திய கத்தல் கதவைத் தாண்டிக் கேட்டது. தாயும் பிழைத்தாள். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். வீராயி ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். மகாலட்சுமி பத்தியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கும் புத்தூருக்கும் டவுன் பஸ்ஸில் அலைந்தாள்.

கண் ஆஸ்பத்திரித் திறப்பு நெருங்கிவிட்டது. "நாலு கோடுதானேம்மா பாக்கி? நீயே போட்டுரு. யாருக்குத் தெரியப் போவுது?" என்றான் இளவரசன்.

"எனக்குத் தெரியும்" என்றாள் மகாலட்சுமி. "அவ சொல்லாம இந்த வீட்ல அந்தத் துணியில ஒரு புள்ளி விழக் கூடாது."

டாக்டர் டோரதி நேரிலேயே வந்தார். ஹாலில் செருப்பைக் கழற்றியவர் அங்கேயே நின்றுவிட்டார். "இதுக்கு மேல என்ன பாக்கி?" என்று கேட்டார்.

"என் மருமக கை பாக்கி இருக்கு டாக்டரம்மா. அவ வந்து போட்டாத்தான் முடியும். உங்களுக்கு அவசரம்னா போட்டோ மாட்டிக்குங்க. அரைகுறையா இது போகாது."

இப்படிச் சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போனாள். காப்பியைக் குடித்துவிட்டு டாக்டர் சொன்னது இதுதான்: "செவுரு காத்துக்கிட்டிருக்கட்டும்மா."

திறப்பு விழாவுக்கு மகாலட்சுமியும் மகனும் போனார்கள். குத்துவிளக்குக்குப் பின்னால் அந்தப் பெரிய சுவர் வெறுமையாக நின்றது. யாரோ ஒரு பெரிய மனிதர் ஏன் இப்படி விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "இதுக்கு ஒரு படம் வரப்போவுது சார்" என்று டாக்டர் சொன்னது காதில் விழுந்ததும், மகாலட்சுமி முதுகை நிமிர்த்திக்கொண்டு இன்னொரு தடவை பாயசம் வாங்கிக் குடித்தாள்.

யாழினியும் குழந்தையும் வீட்டுக்கு வந்து, தையல் ஆறி, அவள் நிற்கத் தொடங்கும்போது ஆனி வந்துவிட்டது. ஒரு காலையில் அவளே அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து விளிம்பை நேராக்கினாள். மகாலட்சுமி சொல்லாமலே ஃபேனை நிறுத்தினாள். வீராயி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள்.

யாழினி படத்துக்கு முன்னால் நின்றாள். படுத்தே பார்த்துவந்த படத்தை முதல்முறையாக நின்று பார்த்தாள். அருகில் போய், அம்மாவின் ரோஸைத் தொட்டாள். அத்தையின் வெள்ளையைத் தொட்டாள். பிறகு விளிம்பைக் கரும்பச்சையில் தோய்த்து, கீழே ஊன்றி, ஒரு மூச்சில் மேலே இழுத்தாள். கோடு பாதியில் விட்டு, மறுபடி பிடித்து, நுனியில் மெலிந்து போயிற்று. அடுத்தது. அதற்கடுத்தது சாய்வாக, நீலத்துக்குள் புகுந்து. நாலாவதற்கு அட்டையை எடுத்தவள் நின்றாள், யோசித்தாள், கீழே வைத்துவிட்டாள்.

"போதும்" என்றாள்.

இத்தனை நாள் மிதந்துகொண்டிருந்த நிறங்களெல்லாம் அந்தக் கோடுகளில் போய் நின்றன. ஒரு பூகூட இல்லை. ஆனால் ஹால் முழுக்கப் பூத்திருந்தது. வலது கீழ் மூலையில் அவள் தன் பேரை எழுதும்போது மகாலட்சுமி, "இன்னும் கொஞ்சம் பெருசா எழுது. கண்ணு தெரியாதவங்க வர்ற எடம்" என்றாள்.

வார்னிஷ் பூசிக் காய்ந்த மறுநாள், படம் மாடிப்படி வழியாக இறங்கியது. இளவரசனும் லோடு ஆட்கள் இருவரும் தூக்க, முன்னால் மகாலட்சுமி, பின்னால் வீராயி. "செவுத்துல இடிக்காதீங்க!" "தம்பி, அந்த மூலைய ஒசத்து, ஒசத்து!" ஒவ்வொரு தளத்திலும் கதவு திறந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கீழே குட்டியானை லோடு வண்டி நின்றது. படத்தை நிமிர்த்தி வைத்துக் கயிறு கட்டிய பிறகும் மகாலட்சுமிக்கு மனசு ஆறவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டயரில் கால் வைத்துப் பின்னால் ஏறிவிட்டாள்.

"அம்மா, என்னம்மா இது? வயசான காலத்துல. நீ முன்னாடி வந்து உக்காரு."

"ஒரு பக்கம் நான் புடிச்சுக்கறேன்டா. சம்பந்தி, ஏறுங்க."

வீராயி ஏறி மறுபக்கம் பிடித்துக்கொண்டாள். யாழினி குழந்தையோடு பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். லிசி துணைக்கு இருந்தாள்.

"படத்த மாட்டிட்டு வந்ததும் நீங்க அவள ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க சம்பந்தி" என்றாள் மகாலட்சுமி, வண்டி கிளம்பியதும். "ஒரு மாசம் உங்க வீட்ல இருக்கட்டும். நானும் ரெண்டு நாள் வந்து இருந்துட்டு வரேன்."

"ரெண்டு நாளா? வந்தா பத்து நாளு இருக்கணும்" என்றாள் வீராயி.

காவிரிப் பாலத்தில் ஏறியதும் ஆனிக் காற்று முகத்தில் அறைந்தது. மேட்டூர்த் தண்ணீர் வந்திருந்தது. மணலுக்கு நடுவே புதுத்தண்ணீர் கலங்கலாக ஓடியது. காற்றில் கேன்வாஸ் விம்ம, இருவரும் காலை அகட்டி நின்று, ஆளுக்கொரு பக்கம் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். எதிரே வந்த பஸ்ஸின் ஜன்னல்களில் தலைகள் திரும்பின. பைக்கில் போனவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். ஸ்கூட்டியில் வந்த ஒரு பெண் வண்டியோடு ஒட்டி வந்து, காற்றுக்கு மேலே கத்தினாள்.

"ஆன்ட்டி, சூப்பரா இருக்கு! எங்க வாங்குனீங்க?"

"வாங்குனதா?" மகாலட்சுமி திருப்பிக் கத்தினாள். பில் கவுண்டரில் நீண்ட வரிசைக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல் அது. பாலத்தில் போன பாதிப் பேருக்குக் கேட்டது. "எங்க வீட்ல வரஞ்சதும்மா! எங்க மருமக வரஞ்சா!"

"எம் மக!" என்று மறுபக்கத்திலிருந்து வீராயியும் கத்தினாள்.